ஜீப் திரும்பிய பிறகு

இடுக்கி மலைக்காட்டுக்குள், இடமலைக்குடி வட்டாரத்தில், முதுவர் பழங்குடியினர் வாழும் ஒரு குடியில் மண்சுவர் வைத்த தேநீர்க்கடை ஒன்று இருந்தது. முன்னால் கையெழுத்தில் ஒரு பலகை: கலை, விளையாட்டு மன்றம், நூலகம். நூலகம் எங்கே என்று கேட்டால் கடைக்காரர் உள்ளே போய் இரண்டு சாக்கு மூட்டைகளை இழுத்துவந்து பாயில் கொட்டுவார். மொத்தம் 160 புத்தகங்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் காட்டுவழியே நடந்துபோய் அவரைச் சந்தித்து 2014-இல் எழுதியபோது கடைக்காரர் பி.வி.சின்னத்தம்பிக்கு வயது 73. அங்கே பள்ளி நடத்திய முரளிதரன் என்ற ஆசிரியரின் துணையோடு அவர் அந்த நூலகத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவந்தார். யார், எந்தப் புத்தகத்தை, எந்தத் தேதியில் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று ஒரு நோட்டில் பிசகாமல் எழுதிவைத்திருந்தார். 2013-இல் 37 முறை புத்தகங்கள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. பஷீர், எம்.டி.வாசுதேவன் நாயர், கமலா தாஸ், முகுந்தன், லலிதாம்பிகா அந்தர்ஜனம் எல்லாரும் அந்தச் சாக்குக்குள் இருந்தார்கள். மலையாளத்தில் பெயர்த்த சிலப்பதிகாரமும் இருந்தது.

அந்தச் சிலப்பதிகாரத்தைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முதுவர்கள் தங்களை மதுரையிலிருந்து வெளியேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பிள்ளைகளையும் சாமியையும் முதுகில் சுமந்துகொண்டு, ஒரு பிரிவினர் தமிழ்நாட்டின் மலையடிவார ஊரான போடி வழியாகவே மலையேறியதாக அவர்களின் வாய்மொழிக் கதைகள் சொல்கின்றன. மதுரையை எரித்தவளின் கதை அவர்களுக்குப் பின்னாலேயே மலையேறி, வேறொரு மொழியில், ஒரு தேநீர்க்கடைச் சாக்கில் வந்து சேர்ந்திருக்கிறது. போடியின் மலைச்சரிவில் நின்று நூலகத்தைப் பற்றி யோசிக்கிற யாரும் இந்தக் கடையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

சின்னத்தம்பி எதற்குக் காசு வாங்கினார், எதை இலவசமாகக் கொடுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். உறுப்பினராகச் சேர ஒரு தடவை 25 ரூபாய். மாதம் 2 ரூபாய். புத்தகம் எடுக்கத் தனியாக எதுவும் இல்லை. படிக்க வருகிறவர்களுக்குக் கட்டன் சாயா, சர்க்கரை போட்டு, இலவசம். மலையேறிக் களைத்து வருகிறார்களே என்பதுதான் காரணம். பிஸ்கட்டுக்கும் மிக்சருக்கும் மட்டும் விலை. நூலகவியல் படிக்காத ஒரு மனிதர், வாசகருடைய உடம்பின் களைப்பைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நூலகம் நடத்தியிருக்கிறார். அந்த இரண்டு ரூபாயை நான் மிகவும் மதிக்கிறேன். அதைக் கொடுத்தவர் அந்த நூலகத்தில் ஒரு பங்காளி ஆகிறார், தானம் பெறுகிறவராக நிற்பதில்லை. களைப்பாற ஒரு டம்ளர் தேநீர் தருவது விருந்தோம்பல், அதற்கு விலை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

போடியில் இலவசம் என்ற சொல்லுக்குப் பல அனுபவங்கள் உண்டு. கண் சிகிச்சை முகாம் இலவசம், தேர்தலுக்கு முன்னால் வருகிற பொருள்கள் இலவசம், சீட்டுக் கம்பெனிக்காரர் கொடுக்கிற காலண்டர் இலவசம். ஒவ்வொன்றும் ஒரு பெயரை, ஒரு கைபேசி எண்ணை, ஒரு புகைப்படத்தை வாங்கிக்கொண்டுதான் போகும். ஆகவே தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு நூலகம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள், எல்லாம் இலவசம் என்று சொன்னால், உழைக்கிறவர்களுக்கு முதலில் வருவது சந்தேகம். அது நியாயமான சந்தேகம். வாசலில் படிவம் நிரப்பச் சொல்கிற நூலகம் அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்திவிடும்.

இந்த ஊரின் நாள் எப்படி விடிகிறது என்று தெரியாமல் இங்கே எந்த நிகழ்ச்சியையும் நடத்த முடியாது. இருட்டு முழுதாகக் கலைவதற்கு முன்பே போடி, தேவாரம், கம்பம் பக்கத்துத் தெருக்களில் ஜீப்புகள் நின்று உறுமும். தலையில் துண்டு கட்டி, சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை போட்ட பெண்கள், சாப்பாட்டுத் தூக்கோடு ஏறுவார்கள். முந்தல் தாண்டினால் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 25 கிலோமீட்டர் சுற்றி, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து, போடிமெட்டில் கேரள எல்லை. அதற்கப்பால்தான் ஏலத்தோட்டங்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிப்பது தூரடியில், தரையோடு படர்ந்த சரங்களில். நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ எடுக்க வேண்டும். முற்றிய காயை மட்டும் எடுத்து, பிஞ்சை விட்டுவைக்க வேண்டும். அதனால் ஒரே செடியை ஒரு பருவத்தில் பல சுற்று பார்ப்பார்கள். மழை, அட்டைக்கடி, மருந்தடித்த செடியின் நெடி. மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வீடு வரும்போது விளக்கு ஏற்றியிருக்கும்.

இப்படி வேலைக்குப் போகும் தாய், வாரத்தின் பெரும்பகுதி நாள்களில் தன் பிள்ளையைத் தூக்கத்தில் விட்டுப் போகிறாள். திரும்பும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கிறது. இடையில் பாட்டி, பக்கத்து வீடு, பள்ளிக்கூடம். பிள்ளை படித்த பாடத்தை யாரும் கேட்பதில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். கேட்பதற்கு அவளிடம் வெளிச்சமுள்ள ஒரு மணி நேரம் இல்லை என்பதுதான் நிலை.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. திறந்த அலமாரி, ஒழுங்கான பட்டியல், வந்தவர் காத்துக்கிடக்காமல் புத்தகம் பெறுதல் என்று நூலகர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். சீர்காழிக்காரரான ரங்கநாதன் கணக்குப் பேராசிரியராக இருந்தவர். நேரத்தின் அருமை அவருக்குத் தெரியும். ஆனால் நேரம் முழுவதையும் கூலிக்கு விற்றுவிட்ட வாசகருக்கு எதை மிச்சப்படுத்துவது? அவர் நூலக வாசலுக்கு வந்து சேரும் முன்பே நேரம் தீர்ந்துவிடுகிறது. போடியில் நான்காவது விதியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் நூலகம் தன் நேரத்தை அவருடைய நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். குடும்ப நாள் என்று ஒன்றை ஒரு சிற்றூர் நூலகம் நடத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. தாயும் பிள்ளையும் பகல் வெளிச்சத்தில் ஒரே பக்கத்துக்கு முன்னால் உட்காருகிற இரண்டு மணி நேரத்தை அது உண்டாக்கித் தருகிறது. புத்தக எண்ணிக்கையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் நூலகம் என்றால் அரசுதான் என்று நமக்குப் பழகிவிட்டது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய அந்தச் சட்டம் இந்தியாவிலேயே முன்னோடி. வீட்டு வரியோடு சேர்த்து, ரூபாய்க்கு இத்தனை காசு என்று நூலக வரி வசூலாகிறது. ஓட்டு வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். அந்தப் பணத்தில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று 4,500-க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வறண்ட கிராமத்தில் ஒரு பூட்டும் ஒரு சாவியும் ஒரு நூலகரும் நாளிதழும் எழுபது ஆண்டுகளாக இருப்பது சாதாரணமான செயலா?

ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு கதை. பி.என்.பணிக்கர் 1926-இல் தன் ஊரான நீலம்பேரூரில் ஒரு வாசகசாலை தொடங்கினார். 1945-இல் 47 வாசகசாலைகளைக் கூட்டி அம்பலப்புழையில் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை அமைத்தார். ஊர் ஊராக நடந்து ஆள் சேர்த்தார். இன்று கேரளத்தில் ஒரு சாதாரண வாசகசாலை ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த குழுவால் நடக்கிறது. அரசு நூலக மன்றம் மானியம் தருகிறது. நூலகருக்குக் கிடைப்பது சிறு தொகை. அதற்குள் சிறுவர்களுக்குப் பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி. ஓணத்துக்குக் கயிறு இழுக்கும் போட்டியும் இலக்கியக் கூட்டமும் ஒரே முற்றத்தில் நடக்கும். பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ அவர்கள் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். தேநீர்க்கடை நடத்துகிற ஒருவருக்கு நூலகம் தொடங்கலாம் என்று தோன்றியது அந்த மண்ணில்தான். நூலகம் என்பது யாரோ திறந்துவைப்பது என்று அவர் நினைத்திருந்தால் அந்தச் சாக்குகள் அங்கே இருந்திருக்காது.

போடி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அரசு நூலகம் கீழே, மக்கள் நூலகம் மேலே. தினமும் ஆயிரக்கணக்கான கால்கள் அந்த எல்லையைக் கடந்து திரும்புகின்றன. ஏலக்காய் கடக்கிறது, மிளகு கடக்கிறது. ஊர்க்காரர்களே நூலகம் நடத்தும் வழக்கம் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. நம் அரசு நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. அதைப் பாராட்டு விழா நடத்தும் குழுவாகவே விட்டுவிடாமல், தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டால், கேரளத்தின் முற்றமும் தமிழ்நாட்டின் கூரையும் ஒன்று சேரும். தனியே நடத்துகிறவர்கள் கட்டட வாடகைக்கும் புத்தக விலைக்கும் படுகிற பாட்டில் பாதியாவது குறையும். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதும் வசதி. ஞாயிறு கதவு திறந்திருக்கும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போது எந்த ஊர் நூலகத்துக்குள் போனாலும் பெரும்பாலான நாற்காலிகளில் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு. வீட்டில் மின்விசிறியும் தனி மூலையும் இல்லாதவர்களுக்கு நூலகம்தான் படிப்பறை. அங்கே இருபது குழந்தைகள் காகிதக் கொக்கு மடிக்க வந்தால் அவர்கள் முகம் சுளிப்பார்கள், அதில் தவறில்லை. அவர்கள் மௌனத்தைக் கலைத்துவிட்டுக் குழந்தைகளின் சந்தோஷத்தைப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகளின் நாளை வெளியில் வைக்கலாம்: தாழ்வாரம், பக்கத்துப் பள்ளியின் வேப்பமர நிழல், சமுதாயக் கூடம். அதைவிட நல்ல வழி, அந்த இளைஞர்களிடமே மாதம் இரண்டு மணி நேரம் கேட்பது. அவர்களில் பலர் மலைக்கு வேலைக்குப் போகிற வீடுகளின் பிள்ளைகள். ஒரு காலத்தில் அவர்களுடைய அம்மாவும் தூக்குச்சட்டியோடு இருட்டில் கிளம்பியவர். வந்திருக்கும் தாயிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. "வாங்கக்கா, இப்படி உக்காருங்க" என்று தானாக வந்துவிடும்.

தாய் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். இதை மறந்துவிட்டு நடத்தப்படும் வாசிப்பு விழாக்கள் அவரைப் பிள்ளையின் முன்னால் கூனிக்குறுக வைக்கின்றன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்வது, ஒரு பத்தியை வாசித்துக்காட்டச் சொல்வது, எத்தனையாவது வரை படித்தீர்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்பது. ஒரு தடவை இப்படி நேர்ந்தால் அவர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார். பிள்ளையையும் அனுப்பமாட்டார்.

1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் நடந்தபோது தொண்டர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். தெருவிளக்கின் கீழே பெண்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள், அந்தப் பெண்களிடம் கதை கேட்டுத் திரும்பினார்கள். ச.தமிழ்ச்செல்வன் அந்த அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். மக்கள் சொன்ன கதைகளை எளிய சொற்களில் அச்சிட்டு அவர்களுக்கே வாசிக்கக் கொடுத்தபோது எழுத்து அந்நியமாக இல்லை. ஏற்கெனவே தெரிந்த கதைதானே, எழுத்துதான் புதிது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் விடக் கற்றதும் அந்த இயக்கத்தோடு சேர்ந்ததுதான். இத்தனை பெரிய அலை அடங்கியபோது ஊர்களில் அது விட்டுச்செல்ல வேண்டியிருந்தது இப்படிப்பட்ட நூலகங்களைத்தான். பல இடங்களில் அது நடக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆகவே குடும்ப நாளில் முதலில் பேச வேண்டியது பாட்டி. விடுகதை போடட்டும். பேய்க் கதை சொல்லட்டும். தன் ஊர்க்கோயில் எப்படி வந்தது என்று சொல்லட்டும். ஒரு தன்னார்வலர் அதை அப்படியே, போடிப் பேச்சிலேயே, பெரிய தாளில் பெரிய எழுத்தில் எழுதட்டும். பிறகு பேத்தி அதைப் பாட்டிக்கு வாசித்துக்காட்டட்டும். தான் வாயால் சொன்னது பேத்தியின் வாயிலிருந்து எழுத்தாகி வருவதைக் கேட்கும்போது அந்த முதியவருக்கு ஏற்படுவதை நான் விவரிக்கப் போவதில்லை. பேத்திக்கோ அன்று வாசிப்பு ஒரு பரீட்சையாக இல்லாமல் போய்விடுகிறது. படங்களுக்கு ஒரு வழக்கமான ஓவியத் தாளே போதும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை வீட்டிலிருந்தே வரும். தாயக்கட்டம் தரையில் சாக்பீஸால் போடலாம். சித்திரையில் இலவம் நெற்று வெடித்துப் பஞ்சு பறக்கிற ஊர் இது; பஞ்சைப் பிரித்து விதை எடுத்து என்ன மரம், எங்கே போகிறது, யார் வாங்குகிறார் என்று ஒரு மணி நேரம் பேசலாம். அந்தப் பேச்சில் தாய்க்குத் தெரிந்தது தன்னார்வலருக்குத் தெரியாது. அன்றைய நாளில் தாய் கற்றுக்கொடுக்கிறவராக இருக்க வேண்டும்.

வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. அரசின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அழகான பெயர்கள், ஒல்லியான புத்தகங்கள். பள்ளி அலமாரியில் இருப்பவற்றை ஒரு நாள் கேட்டு வாங்கித் தாழ்வாரத்தில் பரப்பலாம். ஆனால் பக்கத்தில் மலையாள எழுத்துப் படப் புத்தகங்களும் சில இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மலையில் வேலை பார்க்கும் தாய்க்கு மலையாளம் காதுக்குப் பழக்கம். அங்கேயே தங்கி வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மொழியில் சண்டை போடுவார்கள். போடிப் பக்கத்தில் வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. நூலகத்தின் வாசலில் இத்தனை மொழியும் செருப்போடு சேர்த்துக் கழற்றிவைக்கப்படுகின்றன. ஒரு நாளாவது அவை உள்ளே வரட்டும்.

போட்டிகள் மட்டும் வேண்டாம். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, மாறுவேடப் போட்டி, முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மீதிப் பேருக்கு ஆறுதல் பரிசு. போடியில் ஏலக்காயைச் சல்லடையில் போட்டு மில்லிமீட்டர் கணக்கில் பிரிப்பார்கள். ஏழுக்கு மேல் ஒரு விலை, எட்டுக்கு மேல் ஒரு விலை. நிறம் வெளுத்திருந்தால், வாய் வெடித்திருந்தால் கீழே. தட்டின் முன்னால் உட்கார்ந்து அப்படிப் பொறுக்குகிற கைகளும் பெண்களின் கைகள்தான். அந்தக் காய்க்கு ஏல மையத்தில், நறுமணப் பொருள் வாரியத்தின் கணினித் திரையில், விலை ஓடும். வாரம் முழுவதும் தரம் பிரித்துவிட்டு வந்த தாயின் முன்னால் அவர் பிள்ளையையும் சல்லடையில் போட்டுச் சலிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடம் அதை ஆண்டு முழுவதும் செய்துகொண்டுதான் இருக்கிறது.

மேடையும் வேண்டாம். சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து, அவர் வந்தபின் பொன்னாடை, அவர் பேச்சு, அவரோடு படம். இதில் காலை தீர்ந்துவிடும். அந்தக் காலைப்பொழுது ஒரு தாய் எண்ணெய்க் குளியலையும் துணி துவைப்பதையும் ரேஷன் வரிசையையும் தள்ளிவைத்துவிட்டுக் கொண்டுவந்தது. அதை வேறொருவர் செலவழிக்க அனுமதி கிடையாது.

தன்னார்வலர்கள் கட்டிய நூலகம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். 1933-இல் கே.எம்.செல்லப்பா தன் வீட்டில் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் சேர்ந்து வாடகை அறையில், ஆயிரம் புத்தகங்கள்கூட இல்லாமல், பொது நூலகத்தைத் திறந்தார்கள். பின்னர் நகரசபை ஏற்றுக்கொண்டது. புதுக் கட்டடத்துக்குப் பணம் சேர்க்க ஐம்பதுகளில் சாம் சபாபதி மேயராயிருந்த காலத்தில் களியாட்ட விழா நடத்தினார்கள். குடும்பம் குடும்பமாக வந்து சீட்டு வாங்கி வேடிக்கை பார்த்த காசு, கல்லாகவும் சுண்ணாம்பாகவும் எழுந்தது. ரங்கநாதன் ஆலோசனை தந்தார், சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைந்தார், 1959-இல் திறந்தார்கள், 1967-இல் சிறுவர் பகுதி வந்தது. 1981 மே கடைசி இரவில் தொடங்கிய வெறியாட்டத்தில் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. எரித்தவர்கள் சுவடிகளை எரித்தார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தக் களியாட்ட விழாவுக்குச் சீட்டு வாங்கிய தகப்பன்மாரும் தாய்மாரும் பிள்ளைகளும் கொடுத்த ஒரு மாலைப்பொழுதையும் சேர்த்துத்தான் எரித்தார்கள். அங்கே குடும்பங்கள் கூடி நூலகத்தைக் கட்டின. இங்கே நூலகம் அந்த மாலைப்பொழுதைக் குடும்பங்களுக்குத் திருப்பித் தரலாம்.

சரிவுகளில் வாழ்கிறவர்கள் கீழே வர முடியாது என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து, நூறு ஆண்டுகளுக்கு முன்னால் மூணாறின் தேயிலை கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் மேலிருந்த குண்டளை ரயில்பாதையை அடித்துப்போனது. கம்பிவடத்தின் நடு நிலையமாக இருந்த இடம் இன்றும் சென்ட்ரல் என்றே அழைக்கப்படும் மலைக்கிராமம். தேயிலைப் பெட்டி போய்வர வழி செய்த காலம் மனிதர்களுக்குச் சாலை போடவில்லை. இந்த வட்டாரத்தின் மலையூர்கள் சிலவற்றுக்கு அரிசியும் உப்பும் குதிரை மேல்தான் ஏறுகின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரை மேல் போகிறது, நாளிதழில் படம் வருகிறது.

அதே குதிரையில் புத்தகம் போகாதா? 1931-இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் வைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர் இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தகம் ஏற்றிக் குன்றூர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனார். உலகம் முழுவதும் அவரைப் பாராட்டியது. நாம் மன்னார்குடி வண்டியை மறந்துவிட்டோம். ஒரு குதிரை ஐம்பது அறுபது கிலோ தாராளமாகச் சுமக்கும். நுழை, நட வரிசைப் புத்தகங்கள் என்றால் அதில் ஒரு முழு நூலகமே அடங்கும். மழைக்காகிதத்தில் சுற்றி, அரிசி மூட்டைக்கு எதிர்ப்பக்கம் கட்டினால் போதும். மேலே ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு நோட்டு, பொறுப்பாக ஒரு பெண். சின்னத்தம்பி இதைவிடக் குறைவான வசதியில் நடத்தினார்.

எப்போது நடத்துவது என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆடி, ஆவணியில் காய் எடுப்பு சூடு பிடித்தால் தை வரை மலை ஆளை விடாது. அந்த மாதங்களில் ஞாயிறும் பல வீடுகளில் வேலை நாள். மாசி, பங்குனியில் எடுப்பு ஓய்ந்து கை சற்றுக் காலியாகும். அந்த இரண்டு மாதங்களில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணியிலிருந்து வெயில் ஏறும்வரை. குடிதண்ணீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் இருக்கிற இடமாக இருக்க வேண்டும். கைக்குழந்தையைக் கிடத்த ஒரு தொட்டில் கட்டிவைக்க வேண்டும். சுண்டலும் மோரும் போதும், ஆனால் வருகிற எல்லாருக்கும் காண வேண்டும்.

அன்று வந்த பிள்ளை ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். வைப்புத் தொகை கேட்காமல், ஆதார் கேட்காமல், பெயரையும் தெருவையும் மட்டும் எழுதிக்கொண்டு கொடுக்கலாம். சில புத்தகங்கள் திரும்பாது. திரும்பாதவற்றை இழப்பு என்று கணக்கெழுதும் பழக்கம் நம் நூலகங்களின் கதவுகளைப் பாதியாக மூடிவைத்திருக்கிறது. நூலகர் தன் சம்பளத்திலிருந்து ஈடு கட்ட வேண்டியிருக்கும் என்ற பயத்தில் அலமாரியைப் பூட்டுகிறார். தன்னார்வலர்களுக்கு அந்தப் பயம் இல்லை. அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது.

அதற்கடுத்த வாரம் அந்தப் பிள்ளை புத்தகத்தை மாற்ற வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. அரசு நூலகம் பூட்டுகிற நேரத்தில்தான் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்குகின்றன. இரவு ஏழரை முதல் ஒன்பது வரை, வாரத்தில் இரண்டு நாள்களாவது, ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார ஆள் வேண்டும். தேர்வுக்குப் படிக்கிறவர்களில் ஒருவர் தன் புத்தகத்தோடு அங்கே உட்காரலாம். அவர் படிப்பும் கெடாது. குளித்து, உலை வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் வருவார் என்று எடுத்த எடுப்பில் எதிர்பார்க்க முடியாது. முதல் சில மாதங்கள் யாரும் வராமல் போகலாம். பாட்டி வரலாம், அல்லது அக்காவும் தம்பியும் மட்டும் ஓடிவந்து புத்தகத்தை வைத்துவிட்டு ஓடலாம். அடுத்த காய் எடுப்பு தொடங்கும்வரை அந்த விளக்கை அணைக்காமல் வைத்திருக்க எத்தனை பேர் முன்வருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு குடும்ப நாளுக்குத் தேதி குறிக்கலாம்.